நோயாளி இல்லாத சங்கம்

பூரணிக்கு வேண்டியது ஒரு கிட்னி. அதை அவள் ஒருநாளும் ஒளித்து வைத்ததில்லை.

பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு சேலைக் கடையில் அவளுக்கு வேலை. கிழமைக்கு மூன்று நாள் விடியற்காலையில் புறநகர் ஸ்தேனில் இருக்கிற வீட்டிலிருந்து கிளம்பி டயாலிசிஸுக்குப் போவாள். காலை முழுவதும் மெஷினோடு கிடந்து, இரத்தம் சுத்தமாகி, ஆள் அரைவாசியாகி, மத்தியானத்துக்குப் பிறகு கடைக்கு வந்து சேலை விரிப்பாள். ஏன் முகம் வெளிறிக் கிடக்கிறது என்று யாராவது வாடிக்கையாளர் சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டுவிட்டால் போதும், சட்டைக் கையைச் சுருட்டி, ஊசி குத்திக் குத்திப் புடைத்துப்போன இடத்தைக் காட்டிவிடுவாள். கேட்டவருக்குச் சேலை வாங்குகிற ஆசையே போய்விடும். முதலாளி எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தார். அவள் கேட்கிற ஆளா?

மற்றவர்கள் அப்படியில்லை. லா சப்பலில் சலரோகம், சர்க்கரை வருத்தம் என்றால் சொல்வார்கள். பிரஷர் என்றால் ஏதோ பட்டம் வாங்கியதுபோலச் சொல்வார்கள். கிட்னி என்றால் மட்டும் வாய் பூட்டுப் போட்டுக்கொள்ளும். வீட்டில் கட்டிக்கொடுக்க ஒரு பெட்டை இருக்கும், அல்லது பெண் பார்க்கிற வயதில் ஒரு பெடியன் இருப்பான். விஷயம் வெளியே போனால் பேச்சு முறிந்துவிடும். டயாலிசிஸ் அறையில் பூரணிக்குப் பக்கத்துக் கதிரையில் கிடக்கிற தமிழர், மறுநாள் கார் து நோர் ரயில் நிலைய வாசலில் அவளைக் கண்டால் கைபேசிக்குள் தலையை விட்டுக்கொண்டு போவார். அவளும் காட்டிக்கொடுத்ததில்லை. ஆனால் வயிறு எரியும். உறவுக்காரர் மட்டுமில்லை, நெடுநாள் நெருங்கிப் பழகியவரும் கிட்னி கொடுக்கலாம் என்று இந்த நாட்டில் சட்டம் இருக்கிறது. வாயைத் திறந்து சொன்னால்தானே யாராவது தரலாமா என்று யோசிப்பார்கள்? ஊமைகளுக்கு யார் தருவார்?

'அவளுக்கென்ன, கட்டிக்குடுக்கப் பிள்ளையோ இருக்கு?' என்று அவளுடைய முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். உண்மைதான். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளை இல்லை. அவளுக்கென்று இருந்தது ஒரே தம்பி, ஐங்கரன். எபினே-சூர்-செய்னில் குடும்பத்தோடு இருக்கிறான், லா சப்பலில் ரூ கை என்ற தெருவில் கைபேசிக் கடை வைத்திருக்கிறான். அக்காவுக்குத் தன் கிட்னியில் ஒன்றைத் தருகிறேன் என்று முன்வந்த ஒரே ஆளும் அவன்தான்.

அது இரண்டு வருடத்துக்கு முந்திய கதை. பெரிய ஆஸ்பத்திரியில் கூப்பிட்டு அவனை அக்குவேறு ஆணிவேறாகச் சோதித்தார்கள். எல்லாம் முடிந்த ஒருநாள் அவளுடைய வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் குசினிக் கதிரையில் இருந்தான். "ஏலாதெண்டிட்டினம் அக்கா. என்ரையும் பழுதாகத் தொடங்கியிட்டுதாம். கவனமா இருக்கட்டாம்" என்றான்.

பூரணி தனக்கென்று அழுததில்லை. அன்றைக்கு அவனுடைய தலையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். தனக்கு வரவேண்டியது வராமல் போனதே அவளுக்கு மறந்துபோயிற்று. என்ரை தம்பிக்கும் இந்த நாசமா, இந்த மெஷினா, என்று அதே நினைவு. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் உப்புப் போடாத மீன்குழம்பும், இரண்டு தரம் தண்ணீர் மாற்றி அவித்த உருளைக்கிழங்கும் எபினேக்குப் போகத் தொடங்கின. ஐங்கரன் முகத்தைச் சுளித்துச் சுளித்துச் சாப்பிட்டான். வருத்தக்காரனுக்கு வாய் பிடிக்காதுதான் என்று இவள் நினைத்துக்கொண்டாள். தம்பியின் பெண்சாதியான மச்சாள் கருவாடு பொரித்த வாசம் வந்த ஒருநாள், உப்பைக் கொடுத்து அவனைக் கொல்லப் பார்க்கிறாயோ என்று அவளோடு வாசலில் நின்று சண்டை பிடித்தாள். மச்சாள் பதில் பேசாமல் உள்ளே போய்விட்டாள்.

இனிச் சங்கத்துக்கு வருவோம். அதன் பெயர் பாரிஸ் தமிழ்ச் சிறுநீரக நலன்புரி ஒன்றியம். தலைவர் தவரத்தினம், பலசரக்குக் கடைக்காரர். தலைவர் பதவி என்று ஒன்று இருந்தால், அது கோயிலாக இருக்கட்டும், பழைய மாணவர் சங்கமாக இருக்கட்டும், அவருக்கு மூக்கு வியர்த்துவிடும். உபதலைவர், செயலாளர், பொருளாளர், போஷகர் என்று பதின்மூன்று பேர் கொண்ட குழு. அந்தப் பதின்மூன்று பேரில் நோயாளி என்று இருந்தது பூரணி ஒருத்தி. அவளுக்குக் கொடுத்த பொறுப்பு சிற்றுண்டி. நோயாளியைப் பற்றிக் கதைக்கிற கூட்டத்தில், தண்ணீரே அளந்து குடிக்கிற நோயாளி, மற்றவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றாள்.

அவள் சும்மா இருக்கவில்லை. அமெரிக்காவில் இருக்கிற தமிழ்ச் சிறுநீரக நோயாளர் பேரவைக்குத் தானாகவே எழுதினாள். அதன் தலைவர் ஸ்ரீஹரி தமிழ்நாட்டுக்காரர். கூட வேலை செய்த சிநேகிதர் ஒருவர் கொடுத்த கிட்னியோடு உயிர் வாழ்கிறவர். தொலைபேசியில் அவளுக்கு ஒரு கதை சொன்னார். அங்கே டொக்டர்மாருக்கு ஒரு சங்கம், தாதிமாருக்கு ஒரு சங்கம், ஆஸ்பத்திரிக்காரருக்கு ஒன்று, மருந்துக் கம்பனிக்கு ஒன்று, இன்சூரன்ஸ்காரருக்கு ஒன்று. எல்லாரும் வாஷிங்டனுக்குப் போய் நோயாளிக்கு என்ன வேண்டும் என்று பேசிவிட்டு வருவார்கள். நோயாளி வீட்டில் படுத்திருப்பான். அந்தக் கோபத்தில் தொடங்கியதுதான் பேரவை. அதனால் அவர்களுக்கு ஒரு கண்டிப்பான விதி: கிளை எங்கே வந்தாலும் குழுவில் பாதிக்கு மேல் நோயாளிகளாக இருக்கவேண்டும், எழுந்து நின்று நான் நோயாளி என்று நாலு பேர் கேட்கச் சொல்லவேண்டும். அப்படிச் சொன்ன இடங்களிலெல்லாம் கொடுக்கிறவர்கள் தாமாக முன்வந்திருக்கிறார்கள் என்றார். பூரணி அன்றிரவு தூங்கவில்லை. தம்பியின் கதவு அடைபட்ட பிறகு அவளுக்குத் தெரிந்த ஒரே கதவு இதுதான்.

ஸ்ரீஹரி ஐரோப்பா வருகிறார், கிளை திறக்கலாமா என்று பார்க்க ஒரு சனிக்கிழமை லா சப்பலுக்கும் வருகிறார் என்றவுடன் தவரத்தினம் துள்ளிக் குதித்தார். அமெரிக்கா என்ற சொல்லே அவருக்குப் போதும். கிளைக்குப் பெயர்ப்பலகை செய்யவும் சொல்லிவிட்டார். பாதிக்கு மேல் நோயாளி வேண்டும் என்று பூரணி நினைவூட்டியபோது, அதற்கென்ன, சரிக்கட்டலாம் என்றார். எப்படிச் சரிக்கட்டுவது என்று அவர் அடுத்த கூட்டத்தில் விளக்கியபோது அவளுக்கு உச்சி கொதித்தது. உண்மையான வருத்தக்காரர் ஒருவரும் வரமாட்டினம், அதனால் குழுவிலுள்ள நல்ல சுகதேகிகளான ஆறு பேர் அன்றைக்கு ஒருநாள் மட்டும் நோயாளிகளாக நிற்பார்களாம். அவரும் அதில் ஒருவராம்.

"அண்ணை, உங்களுக்கு என்ன வருத்தம்?" என்று கேட்டாள்.

"எனக்குப் பிரஷர் இருக்கு. பிரஷர் எண்டால் கிட்னிக்குப் பக்கத்திலைதானே."

வெட்கம் கெட்ட மனுஷர். நான் ஒருத்தி செத்துச் செத்துப் பிழைக்கிறதை நீங்கள் வேஷம் போட்டு ஆடப் போறியளோ என்று பூரணி பிடித்துக்கொண்டாள். வந்தவுடன் அந்த மனுஷனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன் என்றாள். சொல்லும், தாராளமாய்ச் சொல்லும், கிளை வராது, பிறகு உமக்கு ஆர் கிட்னி தாறது என்று தவரத்தினம் திருப்பிக் கேட்டார். அவர் குரலைத் தாழ்த்தி, நீர் உம்முடையதைச் சொல்லும், மிச்சத்தை என்னிடம் விடும் என்றார். அவள் விட்டாள். ஆசை யாரை விட்டது?

ஆனால் ஒன்று மட்டும் சொன்னாள். வேஷக்காரர் மட்டும் நின்றால் ஒருவரும் நம்பமாட்டார்கள், தன்னோடு இன்னொரு உண்மையான ஆளாவது வேண்டும், என்ரை தம்பியைச் சேருங்கோ என்றாள். ஐங்கரனிடம் அவளே போய்க் கேட்டாள். அவன் கடையில் உடைந்த கைபேசி ஒன்றைக் கழற்றி வைத்துக்கொண்டு நெடுநேரம் தலை நிமிரவில்லை. மிருணாளினியின் கலியாணப் பேச்சு நடக்கிற நேரம் என்றான். மிருணாளினி அவனுடைய ஒரே மகள். மாப்பிள்ளையின் தகப்பன் மகாலிங்கம், லூயி பிளாங் பக்கம் பெரிய உணவகம் வைத்திருக்கிறவர். பூரணியின் நோய் பற்றி அவர்கள் முதலே துருவித் துருவி விசாரித்திருந்தார்கள். அது கண்ட கண்ட வலிமாத்திரை போட்டு வந்தது, பரம்பரையில் இல்லை என்று சொல்லித்தான் பேச்சே முன்னுக்குப் போனது. இப்போது தகப்பனுக்கும் அதே நோய் என்று காதில் விழுந்தால் எல்லாம் கவிழ்ந்துவிடும்.

பூரணிக்கு அது விளங்கியது. மருமகள் மேல் உயிரையே வைத்திருக்கிறவள் அவள். வெளியாட்கள் ஒருவரும் வரமாட்டினம், குழுக்காரரும் அமெரிக்காக்காரரும் மட்டும்தான், தவரத்தினம் அண்ணை சத்தியம் பண்ணியிருக்கிறார் என்று கெஞ்சினாள். எனக்காக ஒருக்கால் எழும்பி நில்லடா என்றாள். அவன் மறுக்க முடியாமல் சரி என்றான். ஏன் மறுக்க முடியவில்லை என்று அவளுக்கு அப்போது தெரியவில்லை.

தவரத்தினம் சத்தியம் பண்ணியது உண்மை. ஆனால் அவர் ஒரு கூட்டத்தைப் பிரதம விருந்தினர் இல்லாமல், குத்துவிளக்கு இல்லாமல் நடத்தியதாகச் சரித்திரமே இல்லை. விளக்கேற்ற ஒரு பெரியமனுஷன் வேண்டும், பொன்னாடை போர்த்த ஒரு தோள் வேண்டும். சனிக்கிழமை பின்னேரம், உணவகமொன்றின் மாடி மண்டபத்தில், வெள்ளை வேட்டியும் கோட்டுமாகப் படியேறி வந்து விளக்கேற்றியவர் வேறு யாருமில்லை, மகாலிங்கம்தான். கூடவே அவருடைய மனைவி, இரண்டு தம்பிமார், கடைக்காரர்கள், கோயில்காரர்கள். மண்டபம் நிறைந்துவிட்டது.

ஐங்கரன் பேயறைந்தவன்போல நின்றான். தவரத்தினத்திடம் போய்க் காதுக்குள் ஏதோ சொல்லப் பார்த்தான். அவர் மைக்கைச் சரிபார்க்கிற மும்முரத்தில் அவனுடைய முதுகில் தட்டி அனுப்பிவிட்டார். பூரணி சிற்றுண்டி மேசையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்தாள். இந்தப் பாவி மனுஷனை என்ன செய்தால் தகும் என்று பல்லைக் கடித்தாள். தம்பியின் பெயரை எடுக்கவே கூடாது என்று முடிவு பண்ணிக்கொண்டாள். அந்த முடிவு அரை மணித்தியாலம்கூட நிற்கவில்லை.

ஸ்ரீஹரி மெலிந்த, அமைதியான மனிதர். பொன்னாடையை மடித்துக் கதிரையில் வைத்துவிட்டு, நேரே விஷயத்துக்கு வந்தார். அமெரிக்காவில் சங்கங்கள் போட்டிபோட்ட கதையைச் சொன்னார். பிறகு குழுவிலுள்ள நோயாளிகள் எழுந்து தங்களைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லவேண்டும் என்றார்.

முதலில் தவரத்தினம் எழுந்தார். நோயின் கொடுமை பற்றி, அதை வென்ற தமது மனவுறுதி பற்றி, மாலை போட்டதுபோல ஒரு பேச்சுப் பேசினார். ஸ்ரீஹரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எந்தக் கையில சார் ஊசி போடறாங்க?" என்றார். தவரத்தினம் இடுப்பைத் தொட்டுக் காட்டினார். இரண்டாவது ஆள், தான் காலையிலும் மாலையிலும் சாப்பாட்டுக்குப் பிறகு டயாலிசிஸ் எடுப்பதாகச் சொன்னார். மூன்றாவது ஆள் எழும்பவே இல்லை.

ஸ்ரீஹரியின் முகம் இறுகியது. "இங்க நிஜமான பேஷண்ட் எத்தனை பேர்?" என்று கேட்டார். இங்கே, அங்கே என்று முன்பின் வரிசைகளில் டயாலிசிஸ் அறையில் பார்த்த முகங்கள் சில இருந்தன. பூரணி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒவ்வொன்றும் குனிந்துகொண்டது. அவர் பையை மூடத் தொடங்கினார்.

பூரணி மேசையை விட்டு வந்து அவருக்கு முன்னால் சட்டைக் கையைச் சுருட்டினாள். நான் உண்மையான நோயாளி என்றாள். அவர் அவளுடைய புடைத்த நரம்பில் இரண்டு விரலை வைத்து, உள்ளே இரத்தம் இரையும் துடிப்பைப் பார்த்துவிட்டு, தலையசைத்தார். "நீங்க ஒருத்தர் மட்டுமா மேடம்?" என்றார்.

அவர் போனால் எல்லாம் போயிற்று. இனி யார் தரப்போகிறார்கள்? எந்தக் கதவு? அவள் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் சொல்லியிருக்கமாட்டாள். "இல்லை," என்றாள். "என்ரை தம்பியும் வருத்தக்காரன்தான். எனக்குத் தரவெண்டு போய்ச் சோதிச்ச இடத்திலைதான் அவனுக்கும் பிடிபட்டது." கையை நீட்டி ஐங்கரனைக் காட்டினாள்.

முன்வரிசையில் மகாலிங்கம் எழுந்தார். மெதுவாகத்தான் எழுந்தார்.

"என்ன ஐங்கரன், உமக்கும் கிட்னி வருத்தமோ? எங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே."

ஐங்கரன் இரண்டடி முன்னால் வந்தான். அவன் அக்காவைப் பார்க்கவில்லை. சம்பந்தியாகப் போகிறவரை மட்டும் பார்த்தான்.

"இல்லை அண்ணை. எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அக்கா பிழையா விளங்கியிட்டா. ரெண்டு வருசத்துக்கு முன்னம் முழுச் சோதனையும் செய்தனான். ரெண்டு கிட்னியும் இளம் பெடியனுக்கு இருக்கிற மாதிரி எண்டு டொக்டர் சொன்னவர். ஒண்டைக் குடுத்தாலும் எனக்கு ஒண்டும் வராது எண்டவர். வேணுமெண்டால் கடுதாசி எல்லாம் வீட்டிலை கிடக்கு, கொண்டுவந்து காட்டிறன்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது.

பூரணிக்கு முதலில் ஒன்றுமே தோன்றவில்லை. சுருட்டிய சட்டைக் கையை இறக்கிவிட்டாள். மச்சாள் வாசலில் பதில் பேசாமல் உள்ளே போனது ஏன் என்று விளங்கியது. அவன் கைபேசியை விட்டுத் தலை நிமிராதது ஏன் என்று விளங்கியது. பயந்திருப்பான். கத்திக்குப் பயப்படாத ஆள் உண்டா? பயமாயிருக்கிறது என்று சொல்ல ஒரு வாய் இல்லாமல் போயிற்றே அவனுக்கு, அதுவும் தன்னிடம், என்று நினைத்தபோது ஒரு கோபம் எழும்பியது. அப்படியொரு கோபம் அவளுக்கு வாழ்க்கையில் வந்ததில்லை.

மகாலிங்கத்துக்கு இன்னும் திருப்தியில்லை. கூடப் பிறந்தவளின் வாயால் கேட்டால்தான் நம்பிக்கை. "தங்கச்சி, நீர் தமக்கை. நீர் சொல்லும். உண்மையோ?"

இப்போது எல்லாம் அவளுடைய நாக்கில் இருந்தது. இல்லை, பொய் சொல்கிறான், அவன் நோயாளி என்று ஒரு சொல் சொன்னால் போதும், ஐங்கரன் ஆயுளுக்கும் எழும்பமாட்டான். அவன் கண்ணாலேயே கும்பிட்டான். பூரணி மிருணாளினியை நினைத்தாள். அந்தப் பிள்ளை என்ன பாவம் செய்தது?

"ஓம்," என்றாள், பின்வரிசைக்கும் கேட்கிறமாதிரி. "அவனுக்கு ரெண்டும் நல்ல சுகமா இருக்கு. எனக்கு ஒண்டு தரலாமெண்டு டொக்டர் சொன்னவராம். எனக்கு இப்பதான் தெரியும்."

சபை கேட்டது. இவ்வளவுக்குப் பிறகு யாராவது ஒருவர் அவனைப் பார்த்து, அப்ப ஏன் குடுக்கேல்லை என்று ஒரு கேள்வி கேட்பார் என்று அவள் எதிர்பார்த்தாள். மகாலிங்கம் தாடையைத் தடவிக்கொண்டு யோசித்தார். பிறகு முகம் தெளிந்தது.

"அப்ப சரி," என்றார். "குடுக்காமல் விட்டதும் ஒரு வகையிலை நல்லதுதான். பெண்ணைப் பெத்தவர் முழுசா இருக்கவேணும்."

யாரோ சிரித்தார்கள். மூச்சு விட்டதுபோல மண்டபம் பழைய இரைச்சலுக்குத் திரும்பியது. வடைத் தட்டுகள் கைமாறத் தொடங்கின. ஸ்ரீஹரி அவளிடம் வந்து, ஒரு ஆளை வைத்துக் கிளை தொடங்க முடியாது, வேண்டுமானால் அவளைத் தனி உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளலாம் என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டுப் படியிறங்கினார். தவரத்தினம் அவருக்குப் பின்னால் பொன்னாடையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். போகிற போக்கில், ஒரு வாயால் சங்கத்தையே நாறடித்துவிட்டீர் என்று அவளைப் பார்த்து உறுமினார். ஒருநாள் வேஷம் போட்டவரை விட, இரண்டு வருடம் போட்ட வேஷத்தை இன்று கலைத்த தம்பியிடம்தான் அவளுக்குக் கணக்கு இருந்தது.

ஐங்கரன் யன்னலோரம் வந்து அவளுக்குப் பக்கத்தில் நின்றான். எதிரே மெட்ரோ பாலத்தில் ரயில் போனது. "அக்கா, பேந்து வீட்டிலை கதைப்பம்" என்றான்.

"என்னத்தைக் கதைக்கிறது? கிட்னியை நீயே வைச்சிரு. அது உன்ரை. நான் அதுக்கு வழக்குப் பேச வரேல்லை. பயமாக் கிடக்கு, தரமாட்டன் எண்டு சொல்லியிருந்தால் ஒரு மாசம் உன்னோடை கோவிச்சுக்கொண்டு இருந்திருப்பன். பிறகு நானே வந்து உனக்குச் சோறு போட்டிருப்பன்." அவளுடைய குரல் உடைந்தது. உடைந்ததற்காகவும் அவளுக்குக் கோபம் வந்தது. "எனக்கு வருத்தம் வந்ததுக்கு நான் அழேல்லையடா. உனக்கும் வந்திட்டுதெண்டு ரெண்டு வருசமா அழுதுகொண்டு திரியிறன். அதை நான் என்ன செய்யிறது? நீ சொல்லு."

மண்டபத்தின் அந்தப் பக்கத்திலிருந்து மகாலிங்கம் கையை உயர்த்தி, "சம்பந்தி, இஞ்சை வாரும்" என்று கூப்பிட்டார். அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

ஐங்கரன் ஒருமுறை அக்காவைப் பார்த்தான். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனான்.